கல்லாவைக் காணோம்: கடை நெட்வொர்க்கில் கணினியின் பெயர் கிடைக்காதபோது என்ன செய்வது

காலை ஒன்பது மணி. கரண்ட் வந்து பத்து நிமிடம்கூட ஆகவில்லை. தெருப் பிள்ளைகள் “மீ லாபி!” (கரண்ட் வந்துவிட்டது) என்று கத்தி ஓய்ந்ததும் எங்கள் கடையில் பில் போடும் பையன் ஆரம்பித்தான்: “அண்ணே, கல்லாவைக் காணோம்!” உள்ளே சாமிக்குச் சூடம் காட்டிக்கொண்டிருந்த முதலாளி தட்டும் கையுமாக ஓடி வந்துவிட்டார். பணப்பெட்டி வைத்த இடத்தில் வைத்தபடி இருந்தது. பையன் தேடியது, ‘கல்லா’ என்று நான் பெயர் வைத்திருந்த கணினியை. பில்லும் கணக்கும் அதில்தான் கிடக்கின்றன. மற்ற நான்கு கணினிகளும் அதைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டுத்தான் கோப்புகளை எடுக்கும். அன்று கூப்பிட்டால் வேறு யாரோ பதில் சொன்னார்கள். யார் என்பதைப் பிறகு சொல்கிறேன்.

ரங்கூனில் பயின்னவுங் பக்கம் பருப்பு வியாபாரம் எங்களுடையது. உளுந்தும் துவரையும் மூட்டை மூட்டையாக வந்து இறங்கும் இடத்தில் கம்ப்யூட்டருக்கென்று தனி ஆள் கிடையாது. விசைப்பலகையைப் பார்த்து மிரளாதவன் எவனோ அவனே கம்ப்யூட்டர் ஆள். அப்படி ஆனவன்தான் நானும். உங்கள் கடையிலோ, கோவிலை ஒட்டிய தமிழ் வகுப்பிலோ இந்த வேலை உங்கள் தலையில் விழுந்திருந்தால் இதைப் படியுங்கள். சர்வர் படித்தவர்களுக்கு இதில் புதிதாக ஒன்றுமில்லை.

பெயரும் எண்ணும்

கணினிகள் தமக்குள் பேசிக்கொள்வது எண்ணை வைத்து. 192.168.1.10 என்பதுபோல நான்கு துண்டாக இருக்கும் அந்த எண்ணை ஐ.பி. முகவரி என்கிறோம். ‘கல்லா’ என்பது நம் வசதிக்கு. அந்தப் பெயரைக் கொடுத்தால் இந்த எண் என்று யாராவது மாற்றிச் சொல்ல வேண்டும்.

ரங்கூன்காரர்களுக்கு இதை விளக்குவது சுலபம். பலகையில் ஷ்வேபொந்தா தெரு என்று இருக்கும்; நம் பெரியவர்களுக்கு அது இன்னும் மொகல் தெருதான். அனோரதா சாலையை ஃபிரேசர் தெரு என்று சொல்லும் தாத்தாக்கள் இருக்கிறார்கள். வீட்டில் செல்வமாக இருக்கும் பையன் பள்ளிக்கூடப் பதிவேட்டில் வின் மௌங்காக இருப்பான். “செல்வம் வீடு எது?” என்று கேட்டால், தெரிந்தவரைக் கேட்டிருந்தால் போய்ச் சேருவீர்கள், தெரியாதவரைக் கேட்டால் அலைவீர்கள். தெரிந்தவரே பழைய வீட்டைக் காட்டினாலும் அலைச்சல்தான். செல்வம் போன வருடமே வீடு மாறியிருப்பான்.

விண்டோஸ் கணினி ஒரு பெயரைத் தேடும்போது கிட்டத்தட்ட இப்படித்தான் போகிறது. முதலில் ‘அது நானேதானா’ என்று பார்க்கும். பிறகு தன்னிடமே இருக்கும் ஹோஸ்ட்ஸ் என்ற கோப்பையும், சமீபத்தில் கேட்டுத் தெரிந்துகொண்டு நினைவில் வைத்திருப்பதையும் பார்க்கும். அதிலும் இல்லையென்றால், பெயருக்கு எண் சொல்லும் டி.என்.எஸ். சர்வரைக் கேட்கும், சின்னக் கடையில் அது பெரும்பாலும் ரூட்டர்தான். இவை போக, தெருவில் நின்று கத்துவதுபோல “இங்கே கல்லா யாரப்பா?” என்று நெட்வொர்க் முழுக்கக் கேட்கும் வழிகளும் உண்டு. கத்துவதில் மூன்று முறை இருக்கிறது: எம்.டி.என்.எஸ்., எல்.எல்.எம்.என்.ஆர்., பழைய நெட்பயாஸ். மூன்றும் யு.டி.பி. என்ற அனுப்பும் வழியில் முறையே 5353, 5355, 137 ஆகிய போர்ட்டுகளில், அதாவது வாசல் எண்களில், போகும். ஆன்டிவைரஸ்காரன் எதையாவது அடைத்துவிட்டானா என்று பார்க்க இந்த எண்கள் ஒருநாள் உதவும்.

ஹோஸ்ட்ஸ் கோப்பு இந்த வழிகளில் எல்லாம் மூத்தது. அமெரிக்காவில் ஆர்ப்பாநெட் என்ற பெயரில் இன்டர்நெட் குழந்தையாக இருந்த காலத்தில், எல்லாக் கணினிகளின் பெயரும் எண்ணும் ஒரே கோப்பில் எழுதப்பட்டு, அதன் பிரதியைத்தான் எல்லோரும் வைத்துக்கொண்டார்கள். கணினிகள் பெருகப் பெருக அது கட்டுப்படியாகாமல், 1983இல் பால் மொக்கபெட்ரிஸ் டி.என்.எஸ். முறையை வடிவமைத்தார். பழைய கோப்பை மட்டும் யாரும் தூக்கிப் போடவில்லை. இன்றும் உங்கள் கணினிக்குள் இருக்கிறது. அதில் எழுதியிருந்தால் டி.என்.எஸ். சொல்வதைவிட அதற்கே முதல் மரியாதை. எங்கள் கடையில் நடந்த கூத்துக்கும் அதுவே காரணம்.

தட்டுவதற்கு முன்

கட்டளைகளை இங்கே தமிழில் ஒலிக்கிறபடி எழுதுகிறேன், போனில் சொல்வதுபோல. தட்டும்போது ஆங்கில எழுத்தில் தட்டுங்கள். கணினிப் பெயர்களும் அப்படியே. விண்டோஸ் விசையையும் ஆர் எழுத்தையும் சேர்த்து அழுத்தி, வரும் பெட்டியில் சி-எம்-டி என்று மூன்று எழுத்து தட்டி என்டர் கொடுத்தால் கறுப்பு ஜன்னல் ஒன்று திறக்கும். நமக்கு வேண்டியது அது மட்டும்தான்.

இன்னொன்று. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். மாற்றியதைத் தாளில் எழுதுங்கள். அவசரத்தில் ஐந்தை மாற்றிவிட்டு, எதனால் சரியானது என்று தெரியாமல் மறுவாரம் மறுபடி முதலிலிருந்து தொடங்கியவன் சொல்கிறேன்.

எல்லோரும் ஒரே தெருவில்தான் இருக்கிறார்களா?

முதலில் இதைப் பாருங்கள். என்னைக் கூப்பிடும் தெரிந்த கடைகளில் பாதிப் பேருக்கு வேலை இங்கேயே முடிந்துவிடும்.

தேடுகிற கணினியிலும் தேடப்படுகிற கணினியிலும் ஐபிகான்ஃபிக் என்று தட்டுங்கள். ஐ.பி.வி4 அட்ரஸ் என்ற வரியில் வரும் எண்ணை எழுதிக்கொள்ளுங்கள். ஒன்று 192.168.1.7, மற்றது 192.168.1.10 என்றால் முதல் மூன்று துண்டும் ஒன்று. வீட்டு ரூட்டர்களில் பெரும்பாலும் இது போதும். ஒன்று 192.168.1.7, மற்றது 192.168.0.5 என்றால் இருவரும் வேறு வேறு தெரு. இங்கிருந்து கத்தினால் அங்கே கேட்காது.

எப்படி வேறு தெருவாகிறது? ஃபைபர் கம்பெனிக்காரர் வைத்துவிட்டுப் போன பெட்டியிலும் வைஃபை இருக்கும். அது மாடிக்கு எட்டவில்லை என்று நாம் வாங்கி மாட்டிய இரண்டாவது ரூட்டரிலும் வைஃபை இருக்கும். இரண்டாவது ரூட்டர் தனக்கென்று தனி எண் வரிசை கொடுக்க ஆரம்பித்துவிடும். கீழே இருப்பவர்கள் ஒரு நெட்வொர்க், மேலே இருப்பவர்கள் இன்னொன்று. இரண்டிலும் இன்டர்நெட் வருவதால் யாருக்கும் சந்தேகம் வராது. இரண்டாவது ரூட்டரின் செட்டிங்கில் ‘ஆக்சஸ் பாயின்ட் மோடு’ என்று இருந்தால் அதற்கு மாற்றிவிடுங்கள். அதன் பிறகு எண் கொடுக்கும் வேலை முதல் பெட்டிக்கு மட்டும்.

இன்னொரு காரணம் நம் ஊருக்கே உரியது. கரண்ட் போனதும் ரூட்டர் அணைந்துவிடும். லேப்டாப் பேட்டரியில் ஓடும். பையன் தன் போனில் ஹாட்ஸ்பாட் போட்டு வேலையைத் தொடருவான். கரண்ட் வந்த பிறகும் லேப்டாப் போனையே பிடித்துக்கொண்டிருக்கும். அவன் கணினியில் இன்டர்நெட் இருக்கும், கல்லா மட்டும் இருக்காது. வைஃபை பெயரைப் பாருங்கள், முடிந்தது. வாடிக்கையாளர்களுக்கென்று ‘கெஸ்ட்’ வைஃபை வைத்திருந்தால் அதில் சேர்ந்த கணினியும் இப்படித்தான். உள்ளே இருப்பவர்களைப் பார்க்க விடாமல் தடுப்பதற்குத்தான் அந்த வைஃபையே.

எண் 169.254 என்று தொடங்கினால் அந்தக் கணினிக்கு ரூட்டர் எண் கொடுக்கவே இல்லை, அதுவே ஒன்றை வைத்துக்கொண்டது என்று பொருள். கேபிள், ரூட்டர், வைஃபை இவற்றைப் பாருங்கள். அது சரியாகும் வரை பெயரைப் பற்றி யோசிக்க வேண்டாம்.

பெயரைக் கூப்பிடு, எண்ணைக் கூப்பிடு

இருவரும் ஒரே தெரு என்று உறுதியானதும் இதைச் செய்யுங்கள். தேடுகிற கணினியில் பிங், ஒரு இடைவெளி, கல்லா என்று தட்டுங்கள். ‘இருக்கிறாயா?’ என்று கூப்பிட்டுப் பார்க்கும் கட்டளை பிங். பிறகு பிங், இடைவெளி, 192.168.1.10 என்று எண்ணைத் தட்டுங்கள், அதாவது கல்லாவில் நீங்கள் எழுதிக்கொண்ட எண்ணை. இந்த இரண்டு வரியின் பதிலை நிதானமாகப் படிக்கத் தெரிந்துவிட்டால் பாதி மெக்கானிக் ஆகிவிட்டீர்கள்.

“பிங் ரிக்வெஸ்ட் குட் நாட் ஃபைண்ட் ஹோஸ்ட் கல்லா” என்று வந்தால், பெயரை எண்ணாக மாற்ற ஆள் இல்லை. எண்ணைக் கூப்பிட்டால் பதில் வருகிறது, பெயரைக் கூப்பிட்டால் இந்த வரி வருகிறது என்றால் இது சுத்தமான பெயர்ச் சிக்கல்.

“பிங்கிங் கல்லா” என்று சொல்லி அருகே சதுர அடைப்பில் ஓர் எண்ணைக் காட்டிவிட்டு, அதன்பின் “ரிக்வெஸ்ட் டைம்ட் அவுட்” என்று நான்கு முறை வந்தால் பலரும் ‘பெயர் வேலை செய்யவில்லை’ என்கிறார்கள். தவறு. அடைப்புக்குள் எண் வந்துவிட்டதே, பெயர் கிடைத்துவிட்டது. அந்த எண் கல்லாவின் சரியான எண்தானா என்று பாருங்கள். சரியென்றால் கல்லாவின் ஃபயர்வால், அதாவது வெளியிலிருந்து வருவதை மறிக்கும் காவல், பிங்கிற்குப் பதில் சொல்ல மறுக்கிறது, அவ்வளவே. விண்டோஸ் பல நேரம் அப்படித்தான் இருக்கும். கோப்புகள் திறக்கின்றனவா என்று நேராகவே போய்ப் பாருங்கள். “டெஸ்டினேஷன் ஹோஸ்ட் அன்ரீச்சபிள்” என்று உங்கள் கணினியின் எண்ணிலிருந்தே பதில் வந்தால், அந்த எண்ணில் இப்போது யாருமே இல்லை.

எண் சரியாக இல்லையென்றால் பழைய வீட்டைக் காட்டுகிறார்கள் என்று பொருள். இதற்குத் தனியாக வருகிறேன்.

அடைப்புக்குள் எஃப்-ஈ-80 என்று தொடங்கி நீளமாக ஏதோ வந்தால் பதற வேண்டாம், அது ஐ.பி.வி6 முகவரி, அதே தெருவுக்குள் பயன்படுவது. ஒப்பிட வசதியாக நான்கு துண்டு எண்ணே வேண்டுமென்றால் பிங், இடைவெளி, கழித்தல் குறி, 4, இடைவெளி, கல்லா என்று தட்டுங்கள்.

இன்டர்நெட்டில் தேடினால் ‘என்.எஸ்.லுக்அப் போட்டுப் பாருங்கள்’ என்று எல்லோரும் சொல்வார்கள். போடுங்கள், ஆனால் அதன் பேச்சை முழுதாக நம்பாதீர்கள். அது டி.என்.எஸ். சர்வரை மட்டும் கேட்கும். ஹோஸ்ட்ஸ் கோப்பையும் பார்க்காது, தெருவில் கத்தவும் கத்தாது. எங்கள் கடையில் எல்லாம் ஒழுங்காக ஓடும் நாளிலும் கல்லாவைக் கேட்டால் அது ‘தெரியாது’ என்றே சொல்லும். ரூட்டருக்குத் தெரிந்த பெயர்கள் அவ்வளவுதான்.

ஆளே கிடைக்கவில்லை என்றால்

முதலில் பெயரையே பாருங்கள். தேடப்படும் கணினியில் ஹோஸ்ட்நேம் என்று தட்டினால் அது தன்னை என்ன பெயரில் நினைத்துக்கொண்டிருக்கிறது என்று சொல்லும். நீங்கள் ஒரு பெயரில் தேட, அது வேறு பெயரில் உட்கார்ந்திருப்பது நடக்கக்கூடியதுதான். விண்டோஸை யாராவது புதிதாகப் போட்டுக் கொடுத்திருந்தால் ‘டெஸ்க்டாப்’ என்று தொடங்கிப் பின்னால் தாறுமாறான எழுத்துகளோடு ஒரு பெயரை அதுவே வைத்துக்கொண்டிருக்கும்.

பெயரில் ஆங்கில எழுத்து, எண், நடுவில் ஒரு கோடு, இவை மட்டும் இருக்கட்டும். இடைவெளி, அடிக்கோடு வேண்டாம். பதினைந்து எழுத்துக்குள் முடியுங்கள். பழைய நெட்பயாஸ் முறைக்கு அதற்கு மேல் இடமில்லை, மீதியை வெட்டிவிடும். ‘பருப்புக்கிடங்கு ஒன்று’, ‘பருப்புக்கிடங்கு இரண்டு’ என்று ஆங்கில எழுத்தில் நீளமாக வைத்தால் வெட்டிய பிறகு இரண்டும் ஒன்றாகிவிடும். பர்மிய எழுத்திலோ தமிழ் எழுத்திலோ பெயர் வைக்கும் ஆசையை விட்டுவிடுங்கள். பர்மிய எழுத்துக்கான பழைய ஸௌஜி எழுத்துருவிலிருந்து யூனிகோடுக்கு 2019 அக்டோபரில் நாடே மாறியபோது கோப்புப் பெயர்களோடு நாம் பட்ட பாடு போதாதா!

ஒரே பெயரில் இருவர் இருப்பது இன்னொரு தொல்லை. ஐந்து கணினிகளை ஒன்றாக வாங்கினால், கடைக்காரர் ஒன்றில் எல்லாவற்றையும் போட்டு முடித்து அதை அப்படியே மற்ற நான்கிலும் பிரதி எடுத்துக் கொடுத்திருக்கக்கூடும். பெயரும் சேர்ந்தே பிரதியாகும். முதலில் எழுந்த கணினி பெயரைப் பிடித்துக்கொள்ளும். அடுத்து எழுவது ‘இந்தப் பெயர் ஏற்கெனவே இருக்கிறது’ என்று முனகும், அல்லது முனகாமலே காணாமல் போகும். ஒவ்வொன்றாகப் போய் ஹோஸ்ட்நேம் தட்டிப் பட்டியல் எடுங்கள். மாற்ற வேண்டியதை செட்டிங்ஸில் சிஸ்டம், அதில் அபௌட், அதில் ‘ரீநேம் திஸ் பி.சி.’ வழியாக மாற்றிவிட்டு ரீஸ்டார்ட் செய்யுங்கள். ரீஸ்டார்ட் செய்யாதவரை பழைய பெயர்தான்.

பெயர் சரி, ஆனாலும் கிடைக்கவில்லை என்றால், கல்லாவின் காதை யாரோ பொத்தியிருக்கிறார்கள். செட்டிங்ஸில் நெட்வொர்க் பகுதிக்குப் போய், இப்போதுள்ள இணைப்பின் ப்ராபர்ட்டீஸைத் திறந்தால் ‘பப்ளிக்’, ‘பிரைவேட்’ என்று இரண்டு இருக்கும். பப்ளிக் என்றால் டீக்கடை வைஃபையில் உட்கார்ந்திருப்பதாக விண்டோஸ் நினைக்கிறது. யார் கூப்பிட்டாலும் வாய் திறக்காது. கடைக்குள் இருக்கும் கணினிக்கு பிரைவேட் வையுங்கள். ரூட்டரை மாற்றினால் விண்டோஸுக்கு அது புது நெட்வொர்க். கேட்காமலே பப்ளிக்கில் போட்டுவிடும். ‘ரூட்டர் மாற்றிய அன்றிலிருந்து’ என்று யாராவது சொன்னால் நான் நேராக இங்கேதான் போவேன். கன்ட்ரோல் பேனலில் ஷேரிங் செட்டிங்கிற்குள் ‘நெட்வொர்க் டிஸ்கவரி’, ‘ஃபைல் அண்ட் பிரின்டர் ஷேரிங்’ இரண்டும் ஆன் என்று இருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள்.

இங்கே ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுகிறேன். ஃபைல் எக்ஸ்ப்ளோரரில் ‘நெட்வொர்க்’ என்பதைத் தட்டினால் கணினிகளின் படம் வரிசையாக வர வேண்டும். வராவிட்டால் பெயர்ச் சிக்கல் என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். அந்தப் பட்டியலைத் தயாரிக்கும் ஏற்பாடு வேறு. பட்டியலில் இல்லாத கணினியை மேலே முகவரிப் பட்டையில் \\கல்லா என்று தட்டிக் கூப்பிட்டால் திறந்துவிடலாம். பட்டியல் வேண்டுமானால், கல்லாவில் சர்வீசஸ் பகுதியில் ‘ஃபங்ஷன் டிஸ்கவரி ரிசோர்ஸ் பப்ளிகேஷன்’ என்பதை ஆட்டோமேட்டிக்காக ஓடும்படி வையுங்கள். சிலர் இதற்காக எஸ்.எம்.பி.1 என்ற பழைய கோப்புப் பகிர்வு முறையைத் திரும்பப் போடச் சொல்வார்கள். 2017இல் பாதி உலகத்தை ஆட்டிவைத்த வான்னாக்ரை வைரஸ் நுழைந்தது அந்த ஓட்டை வழியாகத்தான். வேண்டாம்.

தடையைத் தாண்ட வேறொரு சர்வர் வழியாக நெட்டைச் சுற்றிக் கொண்டுபோகும் வி.பி.என். பற்றிச் சொல்லாமல் விட முடியாது. 2021 பிப்ரவரியில் பேஸ்புக் அடைபட்டதிலிருந்து போனிலும் லேப்டாப்பிலும் ஏதாவது ஒரு வி.பி.என். இல்லாதவர் அபூர்வம். வி.பி.என். ஓடும்போது பெயர் கேட்கும் கேள்வி எல்லாம் வெளிநாட்டில் எங்கோ இருக்கும் சர்வருக்குப் போய்விடும். சிங்கப்பூரில் இருக்கும் சர்வருக்கு நம் கல்லாவை எப்படித் தெரியும்? சில வி.பி.என்.கள் உள் நெட்வொர்க்கையே மறித்துவிடும். எண்ணைக் கூப்பிட்டாலும் பதில் வராது. அணைத்துவிட்டு ஒருமுறை பிங் செய்யுங்கள். வேலை செய்தால் குற்றவாளி அதுதான். அதன் செட்டிங்கில் ‘லோக்கல் நெட்வொர்க்கை அனுமதி’ என்ற பொருளில் ஏதாவது இருந்தால் போடுங்கள். இல்லையென்றால் பில் போடும் கணினியில் அது வேண்டாம்.

அதேபோல, நெட் வேகமாகும் என்று யாரோ சொல்லி டி.என்.எஸ். இடத்தில் 8.8.8.8 என்று போட்டு வைத்திருப்பார்கள். அது கூகுளின் சர்வர்; வெளியூர் விலாசம் எல்லாம் அதற்குத் தெரியும், உங்கள் கடை விலாசம் தெரியாது. ரூட்டர் வழியாகப் பெயர் கண்டுபிடித்து வந்த கடை என்றால் அதை எடுத்துவிட்டு ‘ஆட்டோமேட்டிக்’ என்று வையுங்கள். ஐபிகான்ஃபிக், இடைவெளி, சாய்கோடு (/), ஆல் என்று தட்டினால் டி.என்.எஸ். சர்வர்ஸ் என்ற வரியில் யார் இருக்கிறார் என்று தெரியும்.

பழைய வீட்டைக் காட்டினால்

இப்போது நம் கதைக்கு வருவோம். அன்று பில் போடும் கணினியில் பிங் கல்லா என்று தட்டினேன். 192.168.1.4 என்று வந்தது; நான்கு முறையும் பதிலும் வந்தது. பிறகு ஏன் கோப்பு திறக்கவில்லை? எழுந்து போய்க் கல்லாவில் ஐபிகான்ஃபிக் பார்த்தேன். 192.168.1.6. அப்படியானால் 4 யார்? பிரவுசரில் அந்த எண்ணைத் தட்டினேன். பிரின்டரின் பக்கம் திறந்து, கறுப்பு மை குறைவாக இருக்கிறது என்று சொல்லியது. ராத்திரி முழுக்கக் கரண்ட் இல்லை. காலையில் வந்ததும் ரூட்டருக்கு முந்தைய நாள் கணக்கு மறந்துபோனது. முதலில் எழுந்த பிரின்டர் 4ஐ வாங்கிக்கொண்டது. தாமதமாக எழுந்த கல்லா தன் பழைய 4ஐக் கேட்க, ரூட்டர் மறுத்துவிட்டு 6ஐக் கொடுத்தது.

எண் மாறினால் மாறட்டும், கத்திக் கேட்டால் புது எண் தெரிந்திருக்குமே? தெரிந்திருக்கும், கேட்டிருந்தால். ஐபிகான்ஃபிக், இடைவெளி, சாய்கோடு, ஃப்ளஷ்டி.என்.எஸ். என்று தட்டினேன், நினைவில் உள்ளதை அழிக்கும் கட்டளை அது. திரும்ப பிங் செய்தேன். மறுபடி 4. அழித்த மறுகணமே திரும்ப வருகிறது என்றால் அது ஹோஸ்ட்ஸ் கோப்பில் எழுதியிருக்கிறது. திறந்து பார்த்தேன். கடைசி வரியில் 192.168.1.4, ஓர் இடைவெளி, கல்லா. எழுதிய மகானுபாவன் யார் என்று திட்ட வாயெடுத்தேன். மேல் வரியில் குறிப்பு: என் பெயர், இரண்டு வருடத்துக்கு முந்தைய தேதி. ஏதோ ஒரு அவசர நாளில் நான்கு கணினியிலும் நானே எழுதிவிட்டு மறந்திருக்கிறேன்.

உங்களுக்கும் எண் தவறாக வந்தால் இதே வரிசையில் போங்கள். முதலில் நினைவை அழியுங்கள். நெட்பயாஸுக்கும் தனி நினைவு உண்டு. அட்மினிஸ்ட்ரேட்டராகத் திறந்த கறுப்பு ஜன்னலில் என்.பி.டி.ஸ்டாட், இடைவெளி, கழித்தல் குறி, பெரிய ஆர் என்று தட்டினால் அதுவும் துடைக்கப்படும். பெரிய ஆர், சின்ன ஆர் இரண்டும் வேறு, கவனம். தவறான எண் இன்னும் வருகிறது என்றால் ஹோஸ்ட்ஸைத் திறக்க வேண்டும்.

அது இருக்கும் இடம்: சி டிரைவ், விண்டோஸ், சிஸ்டம்32, டிரைவர்ஸ், ஈ-டி-சி. நோட்பேடை வலது கிளிக் செய்து ‘ரன் ஆஸ் அட்மினிஸ்ட்ரேட்டர்’ என்று திறந்து, அதற்குள்ளிருந்து கோப்பைத் திறந்தால்தான் சேமிக்க விடும். ஓப்பன் பெட்டியில் கீழே ‘ஆல் ஃபைல்ஸ்’ என்று மாற்றாவிட்டால் கோப்பே கண்ணுக்குத் தெரியாது. சேமிக்கும்போது பின்னால் டி-எக்ஸ்-டி ஒட்டிக்கொண்டால் விண்டோஸ் அதைக் கண்டுகொள்ளாது. எழுதினேன், எழுதினேன் என்று நீங்கள் தலையில் அடித்துக்கொள்வீர்கள். # குறியோடு தொடங்கும் வரிகள் வெறும் குறிப்பு. மற்ற வரிகளில் உங்கள் கடைக் கணினியின் பெயர் இருந்தால் அந்த வரியின் முன்னால் ஒரு # போட்டுச் சேமியுங்கள். அழித்துவிடாதீர்கள், யாராவது ஏதாவது காரணத்துக்காக எழுதியிருக்கலாம்.

ஓர் எண்ணில் இருப்பது யார் என்று தெரியவில்லையா? என்.பி.டி.ஸ்டாட், இடைவெளி, கழித்தல் குறி, பெரிய ஏ, இடைவெளி, எண். எதிரே விண்டோஸ் கணினி இருந்து அது வாய் திறக்கும் நிலையிலும் இருந்தால் தன் பெயரைச் சொல்லும். பிரின்டர், கேமரா போன்றவை என்றால் எண்ணை பிரவுசரில் தட்டிப் பார்ப்பது விரைவு.

திரும்ப வராமலிருக்க

கரண்ட் போய் வரும் ஊரில் எண் மாறிக்கொண்டேதான் இருக்கும். முக்கியமான கணினிக்கும் பிரின்டருக்கும் எண்ணை நிரந்தரமாக்கிவிடுங்கள். அதை ஒவ்வொரு கணினியிலும் போய் எழுதாமல் ரூட்டரில் எழுதுங்கள். ஐபிகான்ஃபிக்கில் டிஃபால்ட் கேட்வே என்று வருவது ரூட்டரின் எண். அதை பிரவுசரில் தட்டி உள்ளே போனால், எண் கொடுக்கும் வேலையைப் பார்க்கும் டி.எச்.சி.பி. பகுதியில் ‘அட்ரஸ் ரிசர்வேஷன்’ என்றோ ‘ஸ்டாடிக் லீஸ்’ என்றோ இருக்கும். ஒவ்வொரு கருவிக்கும் பிறப்பிலேயே ஒட்டிய மேக் முகவரி ஒன்று உண்டு. பன்னிரண்டு எழுத்தும் எண்ணும் கலந்து இரண்டிரண்டாக இருக்கும். ஐபிகான்ஃபிக் ஆலில் ‘ஃபிசிகல் அட்ரஸ்’ என்பது அதுதான். இந்த மேக் வந்தால் இந்த எண் என்று ரூட்டரில் பதிந்துவிட்டால் ராத்திரி முழுக்கக் கரண்ட் போனாலும் கல்லாவுக்கு 10, பிரின்டருக்கு 20 என்று நிற்கும். கணினியில் கேபிளுக்கு ஒரு மேக், வைஃபைக்கு வேறு மேக். எதில் ஓடுகிறதோ அதைப் பதியுங்கள். வைஃபை என்றால் ‘ரேண்டம் ஹார்ட்வேர் அட்ரஸ்’ அணைந்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் மேக்கே வேஷம் மாறும். என்னைக் கேட்டால் கல்லாவுக்குக் கேபிள்தான்.

பிரின்டரை ‘ஆஃப்லைன்’ என்று காட்டும் சிக்கலில் பெரும்பகுதியும் இதே கதை. கணினி பழைய எண்ணில் தேடிக்கொண்டிருக்கும். எண்ணை நிரந்தரமாக்கிய பிறகு, பிரின்டர் ப்ராபர்ட்டீஸில் போர்ட்ஸ் பகுதியில் புது எண்ணோடு ஒரு போர்ட் சேர்த்துவிட்டால் தீர்ந்தது.

ரூட்டருக்கு மட்டும் ஒரு சின்ன பேட்டரி வையுங்கள். முடியாவிட்டால் கரண்ட் வந்ததும் ரூட்டரை முதலில் போட்டு, விளக்குகள் நிலைத்து நின்ற பிறகு மற்றவற்றைப் போடச் சொல்லுங்கள். பையன்கள் கேட்க மாட்டார்கள். சுவரில் எழுதி ஒட்டுங்கள்.

ஆப்பிளின் மேக் கணினியோ லினக்ஸோ இருந்தால் பெயருக்குப் பின்னால் புள்ளி, லோக்கல் சேர்த்துக் கூப்பிடுங்கள்: கல்லா.லோக்கல். அவை எம்.டி.என்.எஸ். முறையில் கேட்கும், லினக்ஸில் அதற்குப் பெரும்பாலும் அவாஹி என்ற நிரல் ஓட வேண்டும். போனிலிருந்து கோப்பு எடுப்பவர்கள் பெயரை மறந்துவிட்டு எண்ணையே கொடுப்பது நிம்மதி. இப்போதுதான் அது மாறாதே.

கூப்பிட்டதும் யூசர் நேம், பாஸ்வேர்ட் கேட்டால் பெயர் கிடைத்துவிட்டது. அது வேறு பஞ்சாயத்து. ஒன்றை மட்டும் நினைவில் வையுங்கள்: பாஸ்வேர்டை விண்டோஸ் பெயரோடு சேர்த்துத்தான் நினைவில் வைக்கும். \\கல்லா என்று போனால் கேட்காத கணினி, எண்ணைத் தட்டிப் போனால் திரும்பக் கேட்கும்.

அன்று நான்கு கணினியிலும் என் பழைய வரிக்கு முன்னால் # போட்டேன், ரூட்டரில் எண்ணைப் பதிந்தேன், பத்தரை மணிக்குப் பில் ஓடியது. முதலாளிக்கு மட்டும் மனசு ஆறவில்லை. “அந்தப் பேரை மாத்துப்பா, காலங்காத்தால கல்லாவைக் காணோம்னு கேக்க நல்லாவா இருக்கு?” என்றார். அது ‘கணக்கு-1’ ஆயிற்று. பெயரை மாற்றினால் நான்கு கணினியிலும் கல்லாவின் கோப்புகளைக் காட்டும் இசட் டிரைவைத் துண்டித்துப் புதுப் பெயரில் மறுபடி மேப் செய்ய வேண்டும், டெஸ்க்டாப்பில் உள்ள ஷார்ட்கட்டுகளை மாற்ற வேண்டும், பில் மென்பொருளுக்குள் டேட்டா இருக்கும் வழியைத் திருத்த வேண்டும், பாஸ்வேர்டைத் திரும்பக் கொடுக்க வேண்டும். சாப்பாட்டு நேரத்தில் அரை மணி ஆனது. பையன் இன்னும் அதைக் கல்லா என்றுதான் சொல்கிறான்.